'நோ மேன்ஸ் லேண்ட்': போஸ்னியப் போரைப் பற்றிப் பேச உட்காரும்போது

இனப்போர் பற்றிக் கலந்துரையாட ஒரே ஒரு படம்தான் போட முடியும் என்றால், டானிஸ் டானோவிச்சின் 'நோ மேன்ஸ் லேண்ட்' (2001) படத்தைத் தாராளமாகப் போடலாம். 98 நிமிடம்தான், பேச நேரம் மிஞ்சும். 1993, இரு தரப்புக் காவலரண்களுக்கும் நடுவே ஒரு பதுங்குகுழி. உள்ளே சிக்கி என்ற பெயருள்ள போஸ்னிய முஸ்லிம், செர்பியத் தரப்பின் நினோ, முதுகுக்கடியில் கண்ணிவெடி இருப்பதால் அசைய முடியாமல் கிடக்கும் சிக்கியின் தோழன் ட்செரா.

டப்பிங் வேண்டவே வேண்டாம். குழிக்குள் இருப்பவர்கள் பேசுவது ஒரே மொழி. மொழிச் சிக்கலெல்லாம் காப்பாற்ற வரும் ஐ.நா. படைக்குத்தான். டப்பிங்கில் இந்தக் குத்தல் காணாமல் போகும். கெட்ட வார்த்தையும் ஏராளம், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

முன்னுரைக்குப் பத்து நிமிடம் போதும்: பழைய யூகோஸ்லாவியாவின் வரைபடம், 1992 ஏப்ரலில் போர் தொடக்கம், 1995 டிசம்பரில் அதை முடித்த டேட்டன் ஒப்பந்தம். அதற்கு மேல் போனால் வகுப்பாகிவிடும்.

படத்தை நடுவில் நிறுத்தாதீர்கள். முடிந்தபின் இரண்டு காட்சிகளை மட்டும் மறுபடி போடுங்கள். போரைத் தொடங்கியது யார் என்று சிக்கி துப்பாக்கியை நீட்டிக் கேட்க, நாங்கள்தான் என்கிறான் நினோ. பிறகு துப்பாக்கி கைமாறுகிறது. அதே கேள்வி, அதே பதில், சொல்பவன் சிக்கி. இங்கே கூட்டத்திடம் 'உண்மையில் யார் தொடங்கியது?' என்று கேட்டீர்களோ, தொலைந்தது. 'துப்பாக்கி இல்லாத இடத்தில் இதை யார் விசாரிக்க முடியும்?' என்று கேளுங்கள். நீதிமன்றம், பத்திரிகை, பாடநூல் என்று பேச்சு தானே விரியும். நம்மவர்கள் கூடினால் ஈழத்துக்கும் போகும். போகட்டும், இரண்டாவது காட்சியைப் பேசி முடித்த பிறகு. போஸ்னியாவின் பான்யா லூகா நகரில் இருவருக்கும் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும் இடம் அது. அந்த நெருக்கம் ஏன் நிற்கவில்லை?

படத்தின் பெரிய குறை, இருவரையும் ஒரே தட்டில் வைப்பது. 'ரெண்டு பக்கமும் தப்புதான்' என்று பாதிப் பேர் எழுந்து போவார்கள். ஆனால் 1991இல் ஐ.நா. விதித்த ஆயுதத் தடை முழு யூகோஸ்லாவியாவுக்கும் பொது என்றாலும், செர்பியத் தரப்பிடம் பழைய ராணுவத்தின் ஆயுதங்கள் இருந்தன. போஸ்னியத் தலைநகர் சரயேவோ கிட்டத்தட்ட நான்கு ஆண்டு அவர்களின் முற்றுகையில் கிடந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரில் சுமார் 8,000 போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் செர்பியப் படையால் கொல்லப்பட்டார்கள். இதை ஒரு தாளில் அச்சடித்து, படத்துக்குப் பிறகு கொடுங்கள். முன்பே கொடுத்தால் தீர்ப்போடுதான் பார்ப்பார்கள்.

போரின் மூன்றாவது தரப்பான குரோவாசியர்கள் படத்தில் கிட்டத்தட்ட இல்லை. 1993 நவம்பரில் அவர்களின் குண்டுவீச்சில் இடிந்த, போஸ்னியாவின் மோஸ்டார் நகரத்துப் பழைய பாலத்தின் புகைப்படத்தையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.