சக்கரப் பெட்டியா, தோள்பையா?

இராமேசுவரத்துக்கு இரண்டு நாள் பயணம் என்றாலே வீட்டில் முதல் சண்டை பெட்டியைப் பற்றித்தான். மனைவி சக்கரப் பெட்டிக் கட்சி. நான் தோள்பைக் கட்சி.

பெட்டியில் பட்டுப்புடவை கசங்காது. ரயிலில் இருக்கைக்கு அடியில் தள்ளிப் பூட்டிவிடலாம். ஆனால் அதன் பெருமையெல்லாம் விடுதி வாசலோடு சரி. போன முறை அறையைக் காலி செய்த கையோடு தனுஷ்கோடிக்கும் அதை இழுத்துச் சென்றோம். 2017-இல் திறந்த சாலை அரிச்சல்முனை வரை வழுவழுவென்று போகிறது. சாலையை விட்டு இறங்கிய பத்தாவது அடியில் சக்கரத்துக்குள் மணல் புகுந்து, பெட்டி சண்டி மாடாக நின்றுவிட்டது. அப்புறம் அதைத் தலையில் சுமந்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோள்பையின் அருமை கோயிலில் தெரியும். அக்னி தீர்த்தத்தில் முங்கி, உள்ளே 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு வந்தால் உடம்பில் சொட்டாத இடம் இருக்காது. ஈர உடையோடு சன்னதிக்குள் போகவும் முடியாது. மாற்று வேட்டி, ஈரிழைத் துண்டு, நனைந்ததைச் சுருட்டிப்போட ஒரு ரெக்சின் பை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம். கடற்காற்றில் மறுநாளும் பிசுபிசுக்கும். துண்டோ கொடியில் போட்டுக் காபி குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை: உப்புக்காற்றில் இரும்பு ஜிப் துருப்பிடித்து மக்கர் செய்யும். இந்த முறை தோள்பைதான் என்று முடிவாகிவிட்டது. பட்டுப்புடவைக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.