கேபிளா, ட்விஸ்ட்டா? கைப்பின்னலில் எதை எங்கே போடுவது

கைப்பின்னலில் கயிறு திரித்தது போன்ற வேலைப்பாடு என்றதும் பலருக்கும் முதலில் நினைவு வருவது, கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) கொத்தாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும் கேபிள்தான். ஆனால் ஒற்றைக் கண்ணி பக்கத்துக் கண்ணியின் மேல் ஏறிச் சாய்ந்து நகரும் ட்விஸ்ட் பின்னலும் இருக்கிறது. தொப்பி, காலுறை, மெல்லிய கார்டிகன் இவற்றுக்கு என் ஓட்டு ட்விஸ்ட்டுக்கே. கனமான குளிர்கால ஸ்வெட்டர் என்றால் கேபிளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேபிளுக்குப் பேர்போன இடம் அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஆரன் தீவுகள். சாயமேற்றாத வெண்மஞ்சள் கம்பளியில் பின்னும் அந்த ஸ்வெட்டர்களில் குடும்பத்துக்கு ஒரு டிசைன் உண்டு, கடலில் இறந்தவரை அதை வைத்தே அடையாளம் கண்டார்கள் என்றொரு கதை உலவுகிறது. அது உண்மையல்ல, இந்தப் பாணி உருவானதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதனால் பிடித்த டிசைன்களைத் தயங்காமல் கலந்து போடலாம்.

செய்முறை எளிது. இரண்டோ மூன்றோ கண்ணிகளைத் தனி ஊசியில் எடுத்து ஒதுக்கி, அடுத்த கண்ணிகளைப் பின்னிய பிறகு அவற்றைப் பின்ன வேண்டும். தனி ஊசியை முன்னால் நிறுத்தினால் கேபிள் இடப்பக்கம் சாயும், பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். சிக்கல் அகலத்தில்தான் வரும். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் துணி தடிக்கிறது, கூடவே சுருங்குகிறது. சாதா ஸ்வெட்டருக்கான கணக்கை அப்படியே வைத்து நடுவில் நான்கு கேபிள் சேர்த்தால் மார்பளவு பிடிக்கும். ரிப் (கீழ் ஓரத்தின் இழுபடும் வரிப் பின்னல்) முடிந்ததும் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒன்றிரண்டு கண்ணிகள் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே முடிக்கும்போது அவற்றைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் விரிந்து நிற்கும். நூலும் கூடுதலாகப் பிடிக்கும், ஒரு உருண்டை அதிகமாகவே வாங்கி வையுங்கள்.

ட்விஸ்ட்டின் அழகைப் பார்க்க ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே என்ஸ் பள்ளத்தாக்கிலும், எல்லை தாண்டி ஜெர்மனியின் பவேரியாவிலும், தோல் கால்சட்டையோடு அணியும் முழங்கால் உயரக் காலுறைகளில் இந்த வேலைப்பாடு நிறைந்திருக்கும். நிட் கண்ணி (முன்பக்கம் V போலத் தெரிவது) ஒவ்வொன்றையும் பின்பக்க வளையத்தில் ஊசி நுழைத்துப் பின்னுவார்கள். அப்போது கண்ணியின் அடி முறுக்கிக்கொள்ளும். பர்ல் கண்ணிகளின் (முன்பக்கம் சிறு மேடாகத் தெரிபவை) தரையின் மேல் அது ஒரு மெல்லிய கோடாகப் புடைத்து நிற்கும். அந்தக் கோடுகளை நகர்த்தி வைரக் கட்டம், பின்னிய சடை, கொடி என்று எதை வேண்டுமானாலும் வரையலாம். 2 மி.மீ. ஊசியில், மெல்லிய நூலில் இவ்வளவு நுணுக்கம் கேபிளில் கிடைக்காது.

சரி, இதிலும் விலை உண்டு. முறுக்கிய கண்ணிகளுக்கு நீட்சி குறைவு, ஆகவே காலுறை குதிகாலைத் தாண்டுமா என்று பாதியிலேயே போட்டுப் பாருங்கள். வட்டமாகப் பின்னினால் சுகம். தட்டையாகப் பின்னினால் மறுபக்க வரிசையில் பர்லையும் பின்வளையத்தில் போட வேண்டும், அது கையைப் படுத்தும். கேபிளில் திருப்பங்களுக்கு நடுவே பல வரிசைகள் சும்மா ஓடும். ட்விஸ்ட்டில் நுணுக்கமான டிசைன் என்றால் சுற்றுக்குச் சுற்று வரைபடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பிழை திருத்தத்தில் கேபிள் ஒரு படி மேல். தவறான பக்கம் சாய்ந்த கேபிளின் கண்ணிகளை மட்டும் கீழிறக்கி மறுபடி ஏற்றிவிடலாம். ட்விஸ்ட்டில் கோடு இடம் மாறிக்கொண்டே போவதால் பெரும்பாலும் சுற்றுகளைப் பிரிக்கத்தான் வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு கண்ணி ட்விஸ்ட் போதும். தனி ஊசி வேண்டாம். இரண்டாவது கண்ணியை முதலில் பின்னி, ஊசியிலிருந்து விடாமல் முதலாவதையும் பின்னி, இரண்டையும் சேர்த்து இறக்கினால் வலப்பக்கச் சாய்வு வந்துவிடும். இடப்பக்கச் சாய்வுக்கு இரண்டாவது கண்ணியைப் பின்னாலிருந்து பின்வளையத்தில் எடுக்கச் சொல்வார்கள். அது வலப்பக்கத்தோடு சரியாகப் பொருந்தாமல் சற்றுக் கோணலாகத் தெரியும். அதைவிட இரண்டு கண்ணிகளையும் ஊசியிலேயே இடம் மாற்றிவிட்டுச் சாதாரணமாகப் பின்னுவது மேல்.

எதைப் போட்டாலும் நன்கு முறுக்கேறிய, வெளிர் நிற நூலை எடுங்கள். மொஹேர் போன்ற மயிர் நூலிலும் கறுப்பிலும் உழைப்பு வெளியே தெரியாது. பருத்தி நூலில் இழுவை இல்லாததால் மூன்று கண்ணிகள் மூன்றின் மேல் ஏறும் கேபிள் விரலை நோகடிக்கும். அதில் இரண்டு கண்ணி ட்விஸ்ட் மட்டும் போடுங்கள்.