பிக்கப்புக்குக் கழுவும் ஏர் ஃபில்டர்: எண்ணெய்ப் பருத்தியா, உலர் இழையா?

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மஞ்சி (தேங்காய் நார்) மில்களுக்கு ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் நிறைந்துவிடும். நார் பிரித்தபின் மிஞ்சும் நார்க்கழிவை உலர்த்தும் களத்தில் காற்று ஒருமுறை சுழன்றாலே பழுப்புத் தூள் பானெட்டுக்குள் வந்து படிந்துவிடுகிறது. காகித ஃபில்டரை மாற்றி மாற்றிச் சலித்துப்போய்த்தான் என் டீசல் பிக்கப்புக்குக் கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் தேடினேன். கடைசியில் போட்டி இரண்டுக்குள் நின்றது. ஒன்று, எண்ணெய் ஊட்டிய பருத்தித் துணி ஃபில்டர். மற்றொன்று, எண்ணெய் தேவைப்படாத செயற்கை இழை ஃபில்டர். நான் வாங்கியது இரண்டாவதை. இந்தத் தூசிக்கு அதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தள்ளி வைத்துவிடலாம். இரண்டு வகையையும் இழுவை கூடும், மைலேஜ் கூடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த ஆசையில் வாங்க வேண்டாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நவீன பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தபோதுகூட மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. டர்போ டீசலில் எவ்வளவு எரிபொருள் தெளிப்பது என்பதை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூதான் முடிவு செய்கிறது. காகிதம் சுத்தமாக இருக்கும்வரை அங்கே மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை.

எனவே கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்தான். தூசியை எவ்வளவு நிறுத்துகிறது? கழுவிப் போடுவது எவ்வளவு வேலை?

ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவும் இந்த ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. நல்ல காகித ஃபில்டர் தூசியில் 99 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடும். இன்னொன்று 98 சதவீதம் பிடிக்கிறது என்றால் ஒரு சதவீதம்தானே குறைவு என்று தோன்றும். ஆனால் உள்ளே நுழையும் தூசியின் பக்கமிருந்து பார்த்தால் அது ஒன்றிலிருந்து இரண்டாகிறது, அதாவது இரு மடங்கு. அந்தத் தூசி மணல் சார்ந்ததாக இருந்தால் எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் லைனரையும் தேய்த்துவிடும். ஆகவே வாங்கும்போது ஐஎஸ்ஓ 5011 என்ற ஏர் ஃபில்டர் சோதனை முறையில் சோதித்த அளவைக் கேளுங்கள். அதைச் சொல்லாமல் காற்றோட்டத்தை மட்டும் பெருமை பேசும் ஃபில்டரைத் தொட வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பருத்தி ஃபில்டரில் பேர்போனது 1969-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என். அதைக் கழுவும் வரிசை இதுதான்: கிளீனர் தெளித்து ஊறவிட வேண்டும், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, அழுத்தம் குறைந்த தண்ணீர் விட வேண்டும், நிழலில் தானாகக் காய வேண்டும். கம்ப்ரெசர் காற்றும் கூடாது, சூடும் கூடாது. காய்ந்த பிறகு ஒவ்வொரு மடிப்பின் மேலும் சிவப்பு எண்ணெயை ஒரு கோடாக விட்டு, அது ஊறிப் பரவும்வரை பொறுத்திருந்து, வெளிறிய இடம் தெரிந்தால் அங்கே மட்டும் மறுபடி தொட வேண்டும்.

பொறுமை உள்ளவர் கையில் இது நன்றாகவே நடக்கும். ஆனால் எண்ணெய் குறைந்தால் தூசி கடந்துவிடும். கூடினால் அந்த எண்ணெய் காற்றோடு போய் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரின் சூடான கம்பியில் படியலாம். படிந்தால் சென்சார் காற்றின் அளவைத் தவறாகக் காட்டும். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த டீசலில், வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் அந்த அளவை நம்பித்தான் இயங்குகிறது; அது பிசகினால் புகை கூடி, கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் சுமக்க வேண்டியதும் கூடலாம். அளவாக ஊற்றினால் இந்தத் தொல்லை வராது. ஆனால் வண்டியை யாரோ ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வரும் நாளில், அந்த அளவு அவர் கையில் இருக்கிறது.

எங்கள் ஊர்த் தூசிக்கு இன்னொரு குணம் உண்டு. நார்க்கழிவு இலேசானது, பஞ்சு போல் பொங்கி, மஞ்சி இழைகளோடு சேர்ந்து வரும். எண்ணெய் பட்ட துணியில் அது அப்பிக்கொள்ளும், உதறினால் போகாது, ஒவ்வொரு தடவையும் முழுக் கழுவல்தான். உலர் இழை ஃபில்டரைக் கழற்றி விளிம்பை மெதுவாகத் தட்டினால் மேலே படிந்த பழுப்புப் பாய் ஏடாகப் பெயர்ந்து விழுகிறது. தண்ணீர் விட்டு அலச வேண்டிய தேவை எப்போதாவதுதான் வருகிறது. அப்போதும் காய்ந்தவுடன் மாட்டிவிடலாம், எண்ணெய்க்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எந்தத் துணியும் சீக்கிரம் காயாது. அதனால் பழைய காகித ஃபில்டர் ஒன்றைக் கைவசம் வைத்திருக்கிறேன். லோடு காத்திருக்கும்போது வண்டியை நிறுத்த முடியாது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுமே காகிதத்தைவிடப் பல மடங்கு விலை. பருத்திக்கு எண்ணெய், கிளீனர் செலவு தொடரும். உலர் வகை இங்கே எல்லா வண்டிக்கும் எளிதில் கிடைப்பதில்லை. உங்கள் ஃபில்டர் பெட்டியின் அளவுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிறர் வண்டியில் பார்த்ததோடு சரி, நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உலர் ஃபில்டரும் என் வண்டியில் இன்னும் முதுமை காணவில்லை. பல வருடம் அலசிய பிறகு இழை எப்படித் தாங்கும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

கிரஷரிலிருந்து எம்-சாண்ட், ஜல்லி ஏற்றுபவர்களுக்கு என் பரிந்துரை வேறு. கல்தூள் மிக நுண்ணியது, கடினமானது. அங்கே கழுவும் வகை எதுவும் வேண்டாம். நல்ல காகித ஃபில்டரை வாங்கி, நேரத்துக்கு மாற்றுங்கள். பெரிய லாரிகளில் உள்ளே இரண்டாவதாக இருக்கும் சேஃப்டி ஃபில்டரை எக்காரணம் கொண்டும் ஊதியோ கழுவியோ போடாதீர்கள், புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

எதை வாங்கினாலும் விளிம்பு ரப்பர் பெட்டியில் சுற்றிலும் சமமாக அமர்கிறதா என்று பாருங்கள். மாட்டிச் சில நாள் ஓட்டிய பிறகு ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் தூசி வந்தால், அந்த ஃபில்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் எடுத்துவிட்டுக் காகிதத்தையே மாட்டுங்கள்.