பரிசலா, ஹவுஸ்போட்டா? தருமபுரியிலிருந்து படகேறக் கிளம்புகிறவர்களுக்கு

"லீவுக்கு ஒரு படகை நமக்கு மட்டும்னு எடுத்துச் சுத்தலாம்" என்று தருமபுரிப் பக்கத்து வீட்டில் பேச்சு எழுந்தால், சீக்கிரமே இரண்டு கட்சியாகிவிடும். ஒரு கட்சி ஒகேனக்கல், இன்னொரு கட்சி ஆலப்புழை. கிருஷ்ணகிரிக்காரர் யாராவது இருந்தால் அவதானப்பட்டி ஏரியைச் சொல்வார். சின்னப் பிள்ளைகளோடு ஒரு மாலைப்பொழுது படகு மிதிக்க அது போதும். லீவுத் திட்டத்துக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம்.

முதலில் ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். பரிசலை ஆள் கணக்கில் இல்லாமல் முழுசாகத்தான் எடுக்கிறோம், ஆகவே அசல் தனிப் படகு இதுதான். நான்கு பேர், பரிசல்காரர், ஒரே ஒரு துடுப்பு. உயிர்காக்கும் சட்டை கட்டாயம். கோத்திக்கல் பக்கம் இரண்டு கரையிலும் பாறைச் சுவர் எழும்பி நிற்க, நடுவே அடங்கிப்போன காவிரியில் மணல்திட்டு வரை போய் வருவார்கள்.

பரிசலில் முதலில் தெரிவது அதன் அடிப்பாகம். மூங்கில் பிளாச்சைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய கூடுதான் அது. அந்தக் காலத்தில் மேலே தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். கால் வைத்தால் தரை லேசாக அமுங்கும், அடியில் தண்ணீர் நகர்வது பாதத்தில் தெரியும். எடை ஒரு பக்கம் சாயாமல் எதிரெதிரே உட்காரச் சொல்வார்கள். முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லாத வட்டம் என்பதால் தானாகவே திரும்பிக்கொண்டிருக்கும். பரிசல்காரர் முன்னால் துடுப்பைப் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துத்தான் அதை நேராகக் கொண்டுபோகிறார். குஷியானால் வேண்டுமென்றே ஒரு சுற்று சுற்றிவிடுவார். தலை சுற்றுகிறவர்களுக்கு, "தண்ணியப் பாக்காதீங்கக்கா, தூரத்துல மலையப் பாருங்க" என்பார். வேலை செய்கிற யோசனைதான். தண்ணீர் குறைந்த மாதங்களில் பாறை குறுக்கிட்டால் நம்மை இறக்கிவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் நடந்துவிடுவார்.

குறை என்னவென்றால், தேதி நம் கையில் இல்லை. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் உபரி நீரைத் திறந்தால், எல்லையில் பிலிகுண்டுலுவில் அளவெடுக்கிறார்கள். வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று கணக்கு ஏற ஏற, மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். ஆடிப்பெருக்கன்று பரிசல் ஏறலாம் என்று ஒரு மாதம் முன்பே வேன் பேசி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மழைக்காலம் முடிந்து, ஆறு நிதானத்துக்கு வந்தபிறகு போங்கள். கிளம்பும் நாள் காலையில் செய்தியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். கட்டணம் நிர்வாகம் நிர்ணயித்ததுதான். நடுவழியில் 'இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டிப்போறேன்' என்று பேச்சு வந்தால், அது எவ்வளவு என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

ஆலப்புழை இதற்கு நேர்மாறு. அங்கே தேதி நம் கையில், நேரம் அவர்கள் கையில். சென்னையிலிருந்து வரும் ஆலப்புழை எக்ஸ்பிரஸை இரவில் சேலத்தில் பிடித்தால், மறுநாள் முற்பகலில் இறங்கிப் படகேற நேரம் சரியாக இருக்கும். ஹவுஸ்போட் என்பது பழைய கெட்டுவள்ளத்தின் வாரிசு. ஆணி இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் இழுத்துக் கட்டி, குட்டநாட்டு நெல்லை ஏற்றிப் போன படகு அது. இப்போது கூரைக்குக் கீழே படுக்கையறை, குளியலறை, ஏசி, சமையல்காரர் எல்லாம் உண்டு. கரிமீன் பொரித்துச் சுடச்சுட இலையில் வரும்.

ஆனால் விளம்பரத்தில் 'ஒரு நாள் முழுக்க' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பகல் 12 மணி வாக்கில் ஏற்றி, சாப்பாட்டுக்குக் கரையில் ஒரு மணி நேரம் கட்டிவைத்து, சாயங்காலம் ஐந்தரை சுமாருக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் மீனவர்கள் வலை போடும் நேரம். மறுநாள் காலையில் சின்னதாக ஒரு ஓட்டம், ஒன்பது மணிக்கு இறக்கம். நிஜமாக ஓடுவது ஆறேழு மணி நேரம்கூட வராது. ஏசி பல படகுகளில் இரவில் மட்டும்தான், அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைத் தரகர்கள் சொல்ல மாட்டார்கள். பெரிய ஹவுஸ்போட் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையாது. வேம்பநாட்டு ஏரியிலும் அகலமான தடங்களிலும்தான், முன்னும் பின்னும் அதே மாதிரிப் படகுகளோடு போகும். வீட்டு வாசல்படியில் பாத்திரம் தேய்க்கிறவர், கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் வயல், தோளுயரத்தில் உரசிப்போகும் தென்னை இதெல்லாம் வேண்டுமென்றால் மணிக்கணக்கில் கிடைக்கும் ஷிகாரா என்ற சின்னப் படகை எடுங்கள். கைனகரிப் பக்கம் உள்ளே போகச் சொல்லுங்கள். இரவு தங்க ஊருக்குள் அறை. என் கணக்கில் இதுதான் லாபம், செலவும் பாதிக்குப் பாதி குறையும். ஹவுஸ்போட்டின் பெருமை ராத்திரித் தூக்கத்தில்தான். முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தையும் இருக்கும் குடும்பத்துக்கு மட்டும் அது தேவை. பரிசலில் குந்தி உட்கார முடியாத மாமனாரைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் விவாதமே வேண்டாம், ஆலப்புழைதான்.

இவ்வளவு செலவு எதற்கு என்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பென்னாகரம் பக்கத்து நாகமரையிலிருந்து மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பைக் கடந்து சேலம் மாவட்டப் பண்ணவாடிக்குப் போகும் விசைப்படகு. தனிப் படகு இல்லை, பைக்கோடு ஊர்க்காரர்கள் ஏறும் படகு. ஆனால் நீர்மட்டம் நன்றாக இறங்கிய சமயத்தில் போனால், 1934-இல் அணை வந்தபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு மேலே நிற்பதைப் பண்ணவாடியில் பார்க்கலாம். ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை என்று தெரிந்த நாளில் இங்கே வண்டியைத் திருப்பாதீர்கள். அதே வெள்ளம்தான் அடுத்து இங்கே வந்து சேர்கிறது. கோடையில் போங்கள். ஏறுவதற்கு முன்னால், திரும்பி வரக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேட்டுவிடுங்கள்.