பல்கனிக் கத்தரியில் சிற்றுண்ணி: எந்த மருந்து, எது வேண்டாம்?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் கத்தரி, கொச்சிக்காய் வளர்ப்பவர்கள் வெயில் ஏறியதும் கேட்பது இதைத்தான்: இலை வெளிறிப் புள்ளி விழுகிறதே, எதை அடிக்கலாம்? முதலில் இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். விழுந்த தூசி நடந்தால் அது சிற்றுண்ணி. எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தக்காரன்; பூச்சியல்ல. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சி மருந்துக்கு இது அடங்காது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும்.

டைகோபோல் என்ற உண்ணிக்கொல்லியைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லியிலிருந்து செய்தது, மண்ணிலும் மீனிலும் தங்குவது. 2019இல், லேசில் அழியாத நஞ்சுகளுக்கு எதிரான சர்வதேச ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பேச்சே வேண்டாம்.

அபமெக்டின் நன்றாகவே வேலை செய்யும், அதை மறுக்க மாட்டேன். மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்து வருவது; இலைக்குள் ஊறி, உறிஞ்சும் உண்ணியைக் கொல்லும். ஆனால் "இயற்கை" என்று நம்பி ஏமாறாதீர்கள். தேனீக்கும் மீனுக்கும் கடும் நஞ்சு. தெளிகருவி கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்றவே கூடாது. மனிதர் குடித்தால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் சரிவது என்று போகும், மாற்று மருந்தும் கிடையாது. போன வருஷம் மேல்வீட்டு அக்கா எனக்கும் கொஞ்சம் பங்கு தந்தார், சோடாப் போத்தலில். கடையிலேயே அப்படித்தான் ஊற்றிக் கொடுத்தார்களாம். லேபிள் இல்லை, எச்சரிக்கை இல்லை. விளையாடிவிட்டுத் தாகத்தோடு வந்த மகன் அதன் மூடியில் கை வைத்தான். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. தோட்டக்காரர் கையுறை, முகமூடியோடு அடிக்கட்டும். சமையலறைக்குப் பக்கத்துப் பல்கனிக்கு இது வேண்டாம்.

நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலக்கி அடிப்பது) அவ்வளவு பயங்கரமில்லை. கண்ணும் தொண்டையும் எரியும், 32 பாகைக்கு மேல் இலை கருகும். கொழும்பின் சீமெந்துப் பல்கனியில் மத்தியானம் அந்தச் சூடு சாதாரணம், ஆகவே பொழுது சாய்ந்த பிறகு மட்டும்.

என் தெரிவு வேப்பெண்ணெய். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர், கரைய ஒரு சொட்டு சவர்க்காரத் திரவம். மெதுவாகத்தான் கேட்கும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 5, 6 நாளுக்கு ஒரு தடவை, குறைந்தது மூன்று முறை, இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட அடிக்க வேண்டும். கந்தகம் அடித்திருந்தால் இரண்டு கிழமை விட்டுத்தான் எண்ணெய், இல்லாவிட்டால் இலை பொசுங்கும். அப்புறம், அடிக்குமுன் கீழ்வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்று எட்டிப் பாருங்கள். அந்த மணம் லேசில் போகாது.