முதுகு ஊசிக்குப் பின் வரும் தலைவலி: படுத்துக் காத்திருப்பதா, பிளட் பேட்சா?

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டபின் சிலருக்கு ஒரு தலைவலி வரும். உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் சில நிமிடங்களில் அடங்கும். தண்டுவட உறையில் ஊசி இறங்கிய துளை மூடாமல் நீர் கசிவதுதான் காரணம். நாகர்கோவிலில் இரண்டாவது பிரசவத்தில் எனக்கு வந்தது. நான் பிளட் பேட்ச், அதாவது என் ரத்தத்தையே முதுகில் ஏற்றித் துளையை அடைக்கும் சிகிச்சை, போட்டுக்கொண்டேன். கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

காத்திருப்பது என்றால் பாரசிட்டமால், தண்ணீர், கடுங்காப்பி. பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரத்தில் துளை தானே மூடிவிடும். வலி பொறுக்கும்படி இருந்தால் இதுவே போதும். ஆனால் படுக்கை வலியை அடக்குமே தவிர துளையை மூடாது. பால் கொடுப்பவர் காப்பியையும் அளவாகத்தான் குடிக்க வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பால் கொடுப்பதுதான். பிள்ளை இரண்டு மணிக்கொருதரம் அழும். தையலோடு எழுந்து உட்கார்ந்து, அவன் வாய் பிடிக்கும்வரை குனிந்தே இருக்க வேண்டும். அதற்குள் கழுத்து விறைத்து, காது அடைத்து, குமட்டல் வந்துவிடும். ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் தையல் இழுத்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்க அம்மாதான் ராத்திரியெல்லாம் எழுந்தார்கள். “இன்னும் பத்து நாள் பொறுக்க முடியுமாம்மா?” என்று டாக்டர் கேட்டபோது முடியாது என்றேன். கூடமாட ஆள் இல்லாத வீட்டில் இது இன்னும் கஷ்டம்.

பேட்ச் போடுவது இப்படித்தான்: மயக்க மருத்துவர் முதுகில் ஊசியை வைத்துக்கொள்ள, இன்னொருவர் நம் கையிலிருந்து ரத்தம் எடுத்துத் தருவார். 15 முதல் 20 மில்லி வரை மெதுவாக ஏற்றுவார்கள். முதுகு கனத்து அமுங்கும். தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். அந்த ரத்தம் உறைந்து துளையை அடைக்கிறது. இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன், அப்புறம் உட்கார்ந்தே பால் கொடுத்தேன்.

குறையும் உண்டு. சில நாள் முதுகு வலிக்கும், குடம் தூக்கக் கூடாது. அரிதாக, போடும்போதே உறையில் இன்னொரு துளை விழலாம். காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ போட மாட்டார்கள். முதல் நாளே போட்டால் பலன் குறைவு என்பதால் 24 முதல் 48 மணி நேரம் பார்ப்பதுண்டு. சிலருக்கு இரண்டாவது பேட்சும் தேவைப்படும். எனக்கு ஒன்றோடு நின்றுவிட்டது, அதனால் அதை அனுபவமாகச் சொல்ல முடியாது. ஊசியே போடாமல் தானாக வரும் கசிவு வேறு விஷயம், அதற்கு எம்.ஆர்.ஐ. எடுத்துத் தேட வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் பேட்ச் போடத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பும்முன் ஊசி போட்ட ஆஸ்பத்திரியிலோ நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ கேட்டுப் பாருங்கள். படுத்த பிறகும் வலி குறையாவிட்டால், காய்ச்சலோ வலிப்போ வந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே போய்விடுங்கள்.