மூடிய சொட்டுவானா, கழற்றும் சொட்டுவானா?

தொட்டிச் செடிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குழாயையும் நேரக்கருவியையும் பற்றியே யோசிக்கிறார்கள். ஆனால் அமைப்பு நீடித்து உழைக்குமா என்பதை முடிவு செய்வது ஒவ்வொரு தொட்டியிலும் குழாயின் முனையில் நின்று நீரைத் துளித்துளியாக விடும் சொட்டுவான்தான் என்பதை, மாடியில் 40 தொட்டிகளுக்கு முதலில் ஒரு வகையையும் ஓராண்டு கழித்து மற்றொரு வகையையும் பொருத்திய பிறகே நான் உணர்ந்தேன்.

மூடிய வகை, நீரின் அழுத்தத்தை ஈடுசெய்யும் சொட்டுவான்; அதற்குள் ஒரு சிலிகோன் சவ்வு இருக்கிறது. அழுத்தம் கூடும்போது அது நீர்வழியைக் குறுக்கிவிடுவதால், முதல் தொட்டிக்கும் கடைசித் தொட்டிக்கும் மணிக்கு 2 லிட்டரோ 4 லிட்டரோ ஒரே அளவில் கிடைக்கிறது. ஆனால் 10 மீட்டர் உயர நீருக்குத்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும் என்பதால், 2 மீட்டர் உயரத்தில் வைத்த நீர்த்தொட்டி இவ்வகைக்குப் பெரும்பாலும் போதாது. நான் சிறிய மோட்டார் வைத்திருந்ததால் அந்தச் சிக்கல் எழவில்லை.

கழற்றும் வகை, அதாவது தொப்பியைத் திருகி அளவை மாற்றும் சொட்டுவான், குறைந்த அழுத்தத்திலும் வேலை செய்யும். அழுத்தம் பாதியானால் நீரின் அளவு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும் என்பது இதன் குறை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பாத்திரத்தை 6 நிமிடம் வைத்து, சேர்ந்த நீரைப் பத்தால் பெருக்கி மணிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுத் திருகிச் சரிசெய்ய, எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது தேவைப்பட்டது.

இருந்தும் இரண்டாவதன் பக்கமே நான் சாய்வதற்குக் காரணம் அடைப்பு. நிலத்தில் ஒரு சொட்டுவான் அடைபட்டாலும் பக்கத்துச் சொட்டுவானின் ஈரத்தை வேர் எட்டிப் பிடிக்க வாய்ப்புண்டு. தொட்டியிலோ அந்த ஒரு துளையே செடியின் முழு நீராதாரம், அதிலும் தென்னை நார்க்கழிவு கலந்த சிறிய தொட்டி கோடையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். மணலையும் தூசியையும் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணிகள் கொண்ட வலை) வடிகட்டி தடுத்துவிடுகிறது. ஒளி புகாத கறுப்புக் குழாய் பாசியைத் தடுத்துவிடுகிறது. கடின நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பை மட்டும் இத்தகைய வலை வடிகட்டியால் பிடிக்க முடியாது. ஒவ்வொரு முறை நீர் நின்ற பின்னும் துளையோரத்தில் எஞ்சும் துளி காய்ந்து ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்ல, வாரக்கணக்கில் அது வெள்ளைக் கட்டியாகிறது. என் வீட்டு நீர் அத்தகையது. மூடிய சொட்டுவான்களில் இந்தப் படிவு உள்ளேயே நிகழ்ந்ததால், செடி வாடிய பிறகே எனக்குத் தெரிந்தது. அவற்றைத் திறக்க வழியில்லாததால் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. திறக்கக்கூடிய வகைகளும் உண்டு, ஆனால் சவ்வை மீண்டும் அதே இடத்தில் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும்.

திருகு வகையிலோ தொப்பியைக் கழற்றி, எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால் பழையபடி ஓடுகிறது. கரைசலைக் குழாய்க்குள் செலுத்தாமல் தனியே ஊறவைப்பதால் அமிலம் வேருக்குப் போய்ச் சேரும் என்ற அச்சமும் இல்லை. மாதம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து நீரை வேகமாக ஓடவிடுவது இரு வகைகளுக்கும் பொது.

உப்பில்லாத நீர் உள்ளவர்களுக்கும், நூற்றுக்கும் மேல் தொட்டிகள் வைத்திருப்பவர்களுக்கும் என் முடிவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அத்தனை துளைகளைக் கையால் திருகிச் சரிசெய்த அனுபவம் எனக்கில்லை. என் மாடியிலும் உயரமான இரும்புத் தாங்கியில் இருக்கும் 6 தொட்டிகளுக்கு ஈடுசெய்யும் வகையையே விட்டு வைத்திருக்கிறேன், ஏனெனில் திருகு வகையை அங்கே பொருத்தியபோது மேல்தட்டுத் தொட்டிகளுக்கு நீர் குறைவாகவே போனது. அந்த ஆறுக்கும் மாற்றுச் சொட்டுவான்கள் எப்போதும் கைவசம் இருக்கின்றன.